ஐஸ் தண்ணீரிடம் ஜெபம் பண்ணுமா? திரித்துவத்தைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

தேரிக்காட்டு டீச்சர்:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். வாரநாட்களில் பாளையங்கோட்டையில் ஒரு லேபில் வேலை பார்க்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி ஊருக்குப் போனால் ஞாயிறு காலை ஞாயிறு பள்ளி வகுப்பு. சாத்தான்குளம் பக்கம், தேரி ஓரத்து ஊர். நாலாம் வகுப்பு முதல் ஆறாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகள் என் பொறுப்பு.

திரித்துவ ஞாயிறு அன்று கையேட்டில் போட்டிருந்தபடியே செய்து காட்டினேன். சாஸரில் ஐஸ்கட்டி, எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர், ஃபிளாஸ்க்கில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர். மூடியைத் திறந்ததும் ஆவி குபுகுபுவென்று வந்தது, முன்வரிசைப் பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். மூன்றும் தண்ணீர்தான், அதுபோலப் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே தேவன் என்று சொல்லி முடித்தேன்.

கடைசிப் பாயில் ஒரு பையன். பனையேறி வீட்டுப் பிள்ளை, ஐந்தாம் வகுப்பு. எப்போதும் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருப்பான், வாயைத் திறக்க மாட்டான். அன்றைக்குக் கேட்டான்: "டீச்சர், கெத்செமனேல இயேசப்பா ஜெபம் பண்ணினாருல்லா, அது யார்ட்ட?"

"பிதாகிட்ட."

"அப்ப ஐஸு தண்ணிகிட்ட ஜெபம் பண்ணுமா?"

வகுப்பே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. நான் யோசித்துக்கொண்டு நிற்கும்போதே ஒரு பிள்ளை சாஸரைக் காட்டி, "டீச்சர், ஐஸு கரைஞ்சிட்டு. இப்ப இயேசப்பா இல்லையா?" என்றாள். மணி அடித்துவிட்டது, பாட்டுப் பாடி அனுப்பிவிட்டேன்.

பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். "அது ரகசியம்மா, விசுவாசிக்க வேண்டியதுதான்" என்றார். சரிதான், ஆனால் அந்தப் பையனிடம் போய் இதைச் சொல்ல எனக்கு மனசில்லை. இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். சின்னதிலிருந்து விசுவாசப் பிரமாணம் சொல்லி வளர்ந்தவள்தான். ஆனாலும் கண்ணை மூடினால் வெள்ளைத் தாடியோடு ஒரு பெரியவர், பக்கத்தில் இயேசு, மேலே ஒரு புறா. மூன்று பேராகத்தான் தெரிகிறார்கள். நம்முடைய விசுவாசம் இதுதானா?

கர்மேல் நண்பன்:

சிஸ்டர், மனுஷ உவமையே வேண்டாம். வசனத்தைக் கொடுங்கள், போதும். 1 யோவான் 5:7: "பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர், பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்பவர்களே, இம்மூவரும் ஒன்றாயிருக்கிறார்கள்." இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்?

பழைய உபதேசியார்:

டீச்சரம்மா, முதல் வேலையாக அந்தப் பையனுக்கு ஒரு கட்டு பனங்கிழங்கு வாங்கிக் கொடுங்கள். பெரிய பெரிய ஆட்கள் சண்டை போட்ட இடத்தில் அவன் வந்து நிற்கிறான்.

நான் நாசரேத், மெஞ்ஞானபுரம், இடையன்குடிப் பக்கமெல்லாம் உபதேசியாராக இருந்து ஓய்வு பெற்றவன். நம்ம நாட்டில் இது ஒரு வேடிக்கை. பாளையங்கோட்டையில் மிஷனரி ரேனியஸ் ஐயர் 1826-ல் கட்டிய ஊசிகோபுரம் திரித்துவத்தின் பேரில் இருக்கிற கோவில். இடையன்குடியில் கால்டுவெல் ஐயர் வருஷக்கணக்கில் கட்டி 1880-ல் பிரதிஷ்டை பண்ணிய கோவிலும் திரித்துவத்தின் பேரில்தான். பேரை அவ்வளவு உயரத்தில் வைத்துவிட்டு, பாடத்தை மட்டும் வருஷத்துக்கு ஒருநாள் ஐஸ்கட்டியோடு முடித்துவிடுகிறோம்.

அந்த உவமையில் என்ன கோளாறு என்றால், அதில் இருப்பது ஒரே ஆள். ஒரு நேரம் ஐஸ், ஒரு நேரம் தண்ணீர், ஒரு நேரம் நீராவி. மூன்றாம் நூற்றாண்டில் சபெல்லியு என்று ஒருவர் பேரில் இந்த உபதேசம் பரவியது: தேவன் ஒருவரே, அவரே பிதாவாகவும், பிறகு குமாரனாகவும், பிறகு ஆவியாகவும் வந்தார் என்று. கேட்க எளிமையாக, நன்றாகத்தான் இருக்கும். சபை அதை ஒத்துக்கொள்ளவில்லை. ஏன் ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்கு உங்கள் பையன் சொன்னதுதான் பதில். சுவிசேஷத்தைத் திறந்தால் குமாரன் பிதாவோடு பேசுகிறார், பிதா குமாரனைப் பற்றிப் பேசுகிறார். யோர்தான் ஆற்றில் ஞானஸ்நானம் பெற்றுக் குமாரன் தண்ணீரிலிருந்து கரையேறுகிறார், ஆவியானவர் புறாவைப்போல் இறங்குகிறார், வானத்திலிருந்து சத்தம் வருகிறது. மூன்றும் ஒரே நேரத்தில் நடக்கிறது. ஒரே ஆள் வேஷம் மாற்றினார் என்றால், சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்தில் நடந்தது ஜெபமே இல்லை, நடிப்பு. இரத்தத்தின் பெருந்துளிகளைப் போல வேர்வை விழுந்தது என்று லூக்கா எழுதியிருக்கிறாரே, அதையும் நடிப்பு என்றா சொல்வது?

இதற்குப் பயந்து எதிர்ப்பக்கம் ஓடினவர் ஆரியு. அலெக்சந்திரியாவில் மூப்பராக இருந்தவர். பிதா மட்டுமே தேவன், குமாரன் எல்லாவற்றுக்கும் முந்திப் படைக்கப்பட்ட ஒரு மேலான சிருஷ்டி என்றார். "என் பிதா என்னிலும் பெரியவராயிருக்கிறார்" என்ற வசனத்தைக் காட்டுவார்கள். இன்றைக்கும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாக வந்து அதே வசனத்தைக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், வாசலில் வைத்து நானும் பேசியிருக்கிறேன். இதற்காகத்தான் 325-ல் நிசேயாவில் அத்தியட்சர்களின் (பிஷப்மாரின்) சங்கம் கூடியது. குமாரன் படைக்கப்பட்டவர் அல்ல, பிதாவோடு ஒரே தன்மையுடையவர் என்று அங்கே அறிக்கை செய்தார்கள். 381-ல் கொன்ஸ்தாந்திநோப்பிளில் கூடிய சங்கத்தோடு சேர்த்துச் சொல்லப்படுவதுதான் இன்று நற்கருணை ஆராதனையில் நாம் எழுந்து நின்று சொல்லும் பிரமாணம்.

சங்கம் முடிந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். ராஜாக்கள் ஆரியு பக்கம் சாய்ந்தார்கள். ஆரியுவை எதிர்த்து நின்ற அலெக்சந்திரியா அத்தியட்சர் அத்தனாசியு ஐந்து முறை நாடு கடத்தப்பட்டார், எல்லாம் சேர்த்தால் சுமார் 17 வருஷம். ஒரு மனுஷன் எதற்காக இவ்வளவு பிடிவாதம் பிடிக்க வேண்டும்? சிலுவையில் தொங்கினவர் ஒரு சிருஷ்டி என்றால், தேவன் தாம் வராமல் வேறு யாரையோ அனுப்பிவிட்டார் என்று ஆகிறது. அந்தத் தேவனை "அன்பாகவே இருக்கிறார்" என்று யோவான் எழுதியிருக்க முடியாது.

இந்த அன்பு விஷயத்தைச் சிறு பிள்ளைகளுக்கும் சொல்லலாம். உலகமே இல்லாத காலத்தில் தேவன் யாரிடம் அன்பாயிருந்தார் என்று கேட்டுப்பாருங்கள். பிள்ளைகள் முழிப்பார்கள். அப்புறம் யோவான் 17:24-ஐ வாசியுங்கள்: "உலகத்தோற்றத்துக்கு முன் நீர் என்னில் அன்பாயிருந்தபடியினால்" என்று இயேசு பிதாவிடம் சொல்கிறார். நம்மைப் படைத்த பிறகுதான் அன்பு காட்ட அவருக்கு ஆள் கிடைத்தது என்பதில்லை. தனிமை தாங்காமல் நம்மைப் படைத்தார் என்று சில பிரசங்கங்களில் கேட்கிறோம், எனக்குக் காது கூசும்.

கர்மேல் தம்பிக்கு ஒரு வார்த்தை. நீங்கள் காட்டிய வசனம் நம் பழைய மொழிபெயர்ப்பில் இருக்கிறது, ஆனால் பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் அந்த வரி கிடையாது. எராஸ்மு என்ற அறிஞர் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் 1516-லும் 1519-லும் அதை விட்டுவிட்டு, எதிர்ப்பு வந்த பிறகு 1522-ல் சேர்த்தார். நிசேயாவில் யாரும் அந்த வரியை வைத்து வாதாடவில்லை. அது இல்லாமலே இந்த விசுவாசம் நிற்கும், அதனால் அதன்மேல் பாரத்தை ஏற்றாதீர்கள். விவரம் தெரிந்த ஒருவர் எதிரே உட்கார்ந்தால் தர்மசங்கடமாகிவிடும்.

கர்மேல் நண்பன்:

இது எனக்குத் தெரியாது ஐயா. எங்கள் சபையில் இதைக் கேட்டால் அடிக்க வருவார்கள். பார்க்கிறேன்.

மூன்று புள்ளி:

நான் கெமிஸ்ட்ரி படிச்சவன், அதனால் சும்மா இருக்க முடியவில்லை. ஐஸ், தண்ணீர், நீராவி மூன்றும் ஒரே நேரத்தில் இருக்காது என்பது முழுசாகச் சரியில்லை. 0.01 டிகிரி செல்சியஸில், சுமார் 611 பாஸ்கல் அழுத்தத்தில் மூன்றும் ஒன்றாகவே இருக்கும். லேபில் வேலை பார்க்கிற டீச்சருக்கு இது தெரிந்திருக்கும்.

பழைய உபதேசியார்:

சரி தம்பி, நல்ல விஷயம் சொன்னீர்கள். அந்த 0.01 டிகிரியில் தண்ணீர் ஐஸைப் பார்த்து "நீர் என்னுடைய நேசகுமாரன், உம்மில் பிரியமாயிருக்கிறேன்" என்று சொல்லுமா? உங்கள் கணக்கு ஒரே நேரத்தில் இருப்பதைக் காட்டுகிறது. பையன் கேட்டது பேசுவதைப் பற்றி.

டவுன்வாசி:

அண்ணாச்சி, நான் சைவம். நெல்லையப்பர் கோவில் பக்கத்தில்தான் வீடு. கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் உங்கள் ஆட்கள், அசனத்துக்குக் கூப்பிட்டால் விடாமல் போவேன். அதனால் உரிமையோடு கேட்கிறேன். படைக்க ஒருவர், காக்க ஒருவர், அழிக்க ஒருவர் என்று மும்மூர்த்தி சொல்கிறோமே, உங்களுடையதும் அதுபோல வேலைப் பங்கீடுதானா? பிதா படைக்கிறார், இயேசு இரட்சிக்கிறார், ஆவி உள்ளே இருந்து நடத்துகிறார் என்று என் சிநேகிதன் ஒருவன் சொல்லியிருக்கிறான்.

பழைய உபதேசியார்:

அசனச் சோறு சாப்பிட்டவருக்குக் கேட்க எல்லா உரிமையும் உண்டு.

உங்கள் பக்கத்துத் தத்துவத்தை நான் விளக்கப் போவதில்லை, அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் வேலைப் பங்கீடு இல்லை. உங்கள் சிநேகிதர் சொன்னது எங்கள் ஆட்களே வழக்கமாகச் சொல்வதுதான், ஆனால் வேதத்தை வாசித்தால் அது நிற்காது. ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் தேவன் படைக்கிறார், தேவ ஆவியானவர் ஜலத்தின்மேல் அசைவாடுகிறார். யோவான் முதல் அதிகாரத்தில், சகலமும் வார்த்தையானவர் மூலமாய் உண்டாயிற்று என்றிருக்கிறது. படைப்பு மூவருடையது. இரட்சிப்பும் அப்படியே. பிதா அனுப்புகிறார், குமாரன் தம்மைக் கொடுக்கிறார், எபிரெயர் நிருபத்தில் அதுவும் "நித்திய ஆவியினாலே" என்றிருக்கிறது.

டீச்சரம்மா கேட்ட "மூன்று பேராகத் தெரிகிறார்களே" என்பதற்கும் இங்கேதான் பதில் இருக்கிறது. நிசா ஊர் கிரகோரி என்று நாலாம் நூற்றாண்டு அத்தியட்சர். அவரிடம் ஒருவர் கேட்டார்: பேதுரு, யாக்கோபு, யோவான் மூவருக்கும் மனுஷத்தன்மை ஒன்றுதான், ஆனாலும் மூன்று மனுஷர் என்கிறோம். அப்படியானால் மூன்று தேவர்கள் என்று ஏன் சொல்லக்கூடாது? கிரகோரி சொன்ன பதிலின் சாரம்: மூன்று மனுஷர் ஒரே தொழில் செய்தாலும் ஆளுக்கு ஆள் தனித்தனியாகத்தான் செய்கிறார்கள். தேவனிடத்தில் அப்படியில்லை. எந்தச் செயலும் பிதாவிடமிருந்து புறப்பட்டு, குமாரன் வழியாக வந்து, ஆவியில் நிறைவேறுகிறது. மூன்று செயல் இல்லை, ஒரே செயல். அதனால் தேவர்களை எண்ண முடியாது.

தாடிக்காரப் பெரியவர் படம் எங்கிருந்து வந்தது என்றால், காலண்டரிலிருந்தும் ஞாயிறு பள்ளிப் படங்களிலிருந்தும் வந்தது. தேவன் ஆவியாயிருக்கிறார் என்று இயேசுவே சமாரியப் பெண்ணிடம் சொல்லியிருக்கிறார். தாடியும் இல்லை, உட்கார நாற்காலியும் இல்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மூன்றாகத்தான் தெரியும், ஏனென்றால் இடத்தை அடைத்துக்கொள்கிற பொருளைத்தான் நம் கண் எண்ணிப் பழகியிருக்கிறது. படம் தானாக வந்தால் வரட்டும், அதை விரட்டிக்கொண்டு திரிய வேண்டாம். அதுதான் விசுவாசம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உவரிக்காரி:

நாங்கள் கத்தோலிக்கர். எங்களுக்குப் பேச்சு வரும் முன்னாலேயே சிலுவை அடையாளம் போடக் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். மறைக்கல்வி வகுப்பில் பழைய காலத்து ஆயர், புனித அகுஸ்தினார் கதை சொல்வார்கள். கடற்கரையில் ஒரு சிறுவன் சிப்பியால் கடலை அள்ளிக் குழியில் ஊற்றிக்கொண்டிருந்தானாம். முடியுமா என்று இவர் கேட்க, உன் புத்தியில் திரித்துவம் அடங்குமா என்று அவன் திருப்பிக் கேட்டானாம். கடல்புரத்தில் பிறந்ததாலோ என்னமோ எனக்கு அந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். டீச்சர் அதையே சொல்லலாமே?

பழைய உபதேசியார்:

கதை அழகுதான் அம்மா. ஆனால் அது அகுஸ்தீன் எழுதினவற்றில் இல்லை, அவர் காலத்துக்கு ரொம்பப் பின்னால் வந்த கதை. எனக்கு அதில் ஒரு மனக்குறை உண்டு. பிள்ளைகள் கேள்வி கேட்டால் வாயை அடைக்கத்தான் அதை எடுக்கிறார்கள். உண்மையான அகுஸ்தீன் சும்மா எழுந்து வீட்டுக்குப் போகவில்லை, வருஷக்கணக்காக உட்கார்ந்து திரித்துவத்தைப் பற்றிப் பதினைந்து புத்தகம் எழுதினார். தேவனை முழுசாக அளக்க முடியாது என்பது அவருக்கும் தெரியும். அளக்க முடியாது என்பது வேறு, கேட்கவே கூடாது என்பது வேறு.

நீங்கள் சொன்ன சிலுவை அடையாளம் அதைவிட நல்ல இடம். இந்த உபதேசமே ஜெபத்திலிருந்து வந்ததுதான். மத்தேயு 28-ல் "பிதா குமாரன் பரிசுத்தஆவியின் நாமத்திலே" ஞானஸ்நானம் கொடுக்கச் சொன்னார். சபை முதலில் அப்படியே கொடுத்தது, விளக்கம் பின்னால் வந்தது. பசிலியு அத்தியட்சர் பரிசுத்த ஆவியைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ஆராதனையில் துதி சொல்லும்போது "குமாரனோடும் பரிசுத்த ஆவியோடும் பிதாவுக்கு மகிமை" என்று அவர் சொன்னதைச் சிலர் பிடித்துக்கொண்டு, ஆவியை எப்படிப் பிதாவுக்குச் சமமாக வைக்கலாம் என்று சண்டைக்கு வந்தார்கள். அதற்குப் பதிலாகத்தான் அந்த நூல். நாம் சங்கீதம் வாசித்து முடித்ததும் "பிதாவுக்கும் குமாரனுக்கும் பரிசுத்த ஆவிக்கும்" என்று கடகடவென்று ஓட்டுகிறோமே, அதற்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

தேரிக்காட்டு டீச்சர்:

உபதேசியார் ஐயா, நன்றி. யாரிடம் ஜெபித்தார் என்பது இப்போது தெளிவாகிவிட்டது. ஆனால் அதிலிருந்தே அடுத்தது முளைக்கிறது. "என் சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே" என்கிறார். பிதாவுக்கு ஒரு சித்தம், குமாரனுக்கு ஒரு சித்தம் என்றால், கிரகோரி சொன்ன ஒரே செயல் என்னாவது? அவரும் தேவன் என்றால் ஜெபிக்கவே ஏன் வேண்டும்? அந்தப் பையன் அடுத்து இதைத்தான் கேட்பான், எனக்குத் தெரியும்.

பழைய உபதேசியார்:

கேட்பான், கேட்கட்டும்.

இதுவரை பேசினது திரித்துவம். இப்போது நீங்கள் கேட்பது, குமாரன் மனுஷனானதைப் பற்றி. இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால் ஒன்றும் விளங்காது. 451-ல் சல்கெதோன் சங்கம், இயேசு முழுக்கத் தேவன், முழுக்க மனுஷன், இரண்டு தன்மையும் கலந்துபோகவில்லை, பிரிந்தும் நிற்கவில்லை என்றது. முழு மனுஷன் என்றால் மனுஷ சித்தமும் வேண்டும். பசி, தாகம், பயம், சாகக் கூசுகிற மனசு எல்லாம் சேர்த்துத்தான். கெத்செமனேயில் பிதாவின் சித்தத்துக்கு முன்னால் தாழ்கிறது இந்த மனுஷ சித்தம். தேவத்தன்மையில் பிதாவுக்கும் குமாரனுக்கும் ஆவிக்கும் சித்தம் ஒன்றுதான்.

இதை நான் கண்டுபிடிக்கவில்லை. ஏழாம் நூற்றாண்டில் கிழக்கு ரோம ராஜ்யத்தில் சபைகள் பிரிந்து கிடந்தன. எல்லோரையும் ஒட்டவைக்க, கிறிஸ்துவுக்கு ஒரே சித்தம் என்று சொல்லிவிடுவோம் என்று அரண்மனை முடிவுகட்டியது. மக்சிமு என்ற துறவி சம்மதிக்கவில்லை. அவர் பிடித்துக்கொண்டது இந்தக் கெத்செமனே ஜெபத்தைத்தான். மனுஷ சித்தம் இல்லாதவர் நமக்காக எப்படிக் கீழ்ப்படிந்திருக்க முடியும், ஆதாம் கெடுத்ததே அந்தச் சித்தத்தைத்தானே என்று கேட்டார். வயசு எண்பதைத் தாண்டிய மனுஷன். நாக்கையும் வலது கையையும் வெட்டி நாடு கடத்தினார்கள், 662-ல் அங்கேயே இறந்துபோனார். கொன்ஸ்தாந்திநோப்பிளில் மறுபடி கூடிய சங்கம் 681-ல் முடிந்தபோது, அவர் சொன்ன உபதேசமே சபையின் உபதேசம் ஆயிற்று.

அதனால் பையனிடம் சொல்ல வேண்டியது சுருக்கம்தான்: இயேசப்பா பிதாகிட்ட ஜெபம் பண்ணினார், தனக்குத்தானே பேசிக்கலை. நம்மளை மாதிரி நிஜ மனுஷனா வந்ததால, பயம் வந்தப்ப அப்பாகிட்ட சொன்னார்.

அடுத்த வாரம் ஐஸ் கொண்டுபோக வேண்டாம். மாற்கு 1:9 முதல் 11 வரை ஒரு பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். தண்ணீரில் யார், வானத்திலிருந்து பேசினது யார், இறங்கினது யார் என்று கேளுங்கள், அவர்களே சொல்லிவிடுவார்கள். மூன்று தேவர்களா என்று யாராவது கேட்டால் உபாகமம் 6:4-ஐ எடுங்கள்: "நம்முடைய தேவனாகிய கர்த்தர் ஒருவரே கர்த்தர்." இரண்டையும் மனப்பாடம் பண்ணவையுங்கள். இரண்டும் எப்படிப் பொருந்தும் என்று ஒரே நாளில் முடித்துக்கொடுக்கத் தேவையில்லை, சபைக்கே முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

கடைசியில் ஆசீர்வாதம் சொல்லும்போது, "கிருபையும், தேவனுடைய அன்பும், பரிசுத்த ஆவியினுடைய ஐக்கியமும்" என்ற இடத்தில் கொஞ்சம் நிதானமாகச் சொல்லுங்கள். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று ஓட்டாதீர்கள். சல்கெதோன், மக்சிமு எல்லாம் பிள்ளைகளுக்கு இப்போது வேண்டாம். பெரியவர்கள் வேதபாட வகுப்பில் சொல்லுங்கள், நாக்கை வெட்டின கதை என்றால் அங்கே யாரும் தூங்க மாட்டார்கள்.